24 வயதில் வேலைக்காரி. 80 வயதில் பாட்டி!
சிரிப்பு நடிகை சி.டி.ராஜகாந்தத்தின் கதை

செங்கல்பட்டு மாவட்டத்தில், பல்லாவரத்தை அடுத்து இருக்கிறது பம்மல். தமிழ் நாடகத்தின் தந்தை என்று புகழப்படும் பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் அது. அவர் எழுதிய நாடகங்களில் ஒன்று "சபாபதி".

அந்த நாடகம் சினிமா ஆனது. அதில் ஒரு வேலைக்காரி வேடம். கதாநாயகி வேடம் அல்ல. ஆனால், அந்தச் சின்ன வேடத்தில் நடித்தவரைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அவர்தான் சி.டி.ராஜகாந்தம்.

கோவைப் பெண்

ராஜகாந்தம் 1917-ம் ஆண்டு கோவையில் பிறந்தார். பெண்கள் நடிக்க வருவதை ஊரார் ஏளனமாகப் பேசிய காலம் அது. சினிமாவில் சேருவதென்றால் துணிச்சல் வேண்டும். ராஜகாந்தத்துக்கு அந்தத் துணிச்சல் இருந்தது.

அவருக்கு ஜோடியாக வந்தவர் காளி என்.ரத்தினம். "கோவலன்" நாடகத்தில் காளி வேடம் போட்டுப் புகழ் பெற்றதால், "காளி" என்பது அவர் பெயரோடு சேர்ந்துகொண்டது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாக இருந்த எம்.ஜி.ஆருக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தவரும் இவரே.

வேலைக்காரி குண்டுமுத்து

1941-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஏவி.மெய்யப்பன் தயாரித்த "சபாபதி" வெளிவந்தது. பணக்கார வீட்டு அசட்டுப் பிள்ளையாக டி.ஆர்.ராமச்சந்திரன் நடித்தார். எஜமான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே செய்து, எல்லாவற்றையும் கெடுத்து வைக்கும் வேலைக்காரனாக ரத்தினம் வந்தார். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர்: சபாபதி! அந்த வேலைக்காரனுக்கு ஜோடி, ராஜகாந்தம் நடித்த குண்டுமுத்து.

அப்போது அவருக்கு வயது 24.

அதே மாதத்தில்தான் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. சென்னை மீது குண்டு விழும் என்ற பயம் பரவியது. சில மாதங்களில் பல குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்குப் போய்விட்டன. கவலை நிறைந்த அந்தக் காலத்தில் ஜனங்களைச் சிரிக்க வைத்த படம் "சபாபதி".

ஜோடி பிரிந்தது

ரத்தினம்-ராஜகாந்தம் ஜோடி புகழ் பெற்றது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த "மனோன்மணி" (1942), "பர்மா ராணி" (1945) ஆகிய படங்களிலும் இருவரும் நடித்தார்கள். படத்தின் கதை சோகமாக இருந்தாலும், யுத்தமாக இருந்தாலும், நடுவே இவர்கள் வந்துவிட்டால் கொட்டகையில் சிரிப்பொலிதான்.

1950-ல் ரத்தினம் காலமானார். ராஜகாந்தத்துக்கு அப்போது 33 வயதுதான்.

ஜோடியாகப் பேர் வாங்கிய சிரிப்பு நடிகைக்கு இது பெரிய அடி. கதாநாயகிக்கு வேறு கதாநாயகன் கிடைப்பார். ஆனால், இருவர் சேர்ந்து வளர்த்த சிரிப்பு அப்படி அல்ல. ஒருவர் கண்ணை உருட்டினால் மற்றவர் என்ன செய்வார் என்று ரசிகர்களுக்கே தெரிந்திருக்கும். தங்கவேலு, சந்திரபாபு, பிறகு நாகேஷ் என்று புதியவர்கள் வந்தார்கள். சிரிப்பின் பாணியே மாறிவிட்டது.

குடும்பத்தில் மட்டும் கலை நிற்கவில்லை. பிரபல பின்னணிப் பாடகர் திருச்சி லோகநாதன், ராஜகாந்தத்தின் மருமகன். பேரன்மார்கள் டி.எல்.மகராஜனும் தீபன் சக்கரவர்த்தியும் பாடகர்கள் ஆனார்கள்.

வீட்டுக்குள் வந்த பாட்டி

பின்னர் டெலிவிஷன் வந்தது. கொட்டகைக்குப் போன ஜனங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்கத் தொடங்கினார்கள்.

1997-ல் "மர்மதேசம்" தொடரின் "விடாது கருப்பு" சன் டி.வி.யில் வரத் தொடங்கியது. இந்திரா சவுந்தர்ராஜன் எழுத, நாகா டைரக்ட் செய்தார். காவல் தெய்வம் கருப்புசாமியின் பேரில் பயந்து நடுங்கும் ஒரு கிராமத்தின் கதை. அதில் கிராமத்துக் கிழவியாக வந்தவர் ராஜகாந்தம். வயது 80!

"சபாபதி" பார்த்துச் சிரித்த தாத்தா பாட்டிகளுக்கு அவரைத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்கு அவர் குண்டுமுத்து அல்ல. ராத்திரியில் பயமுறுத்தும் கதையில் வரும் பாட்டி, அவ்வளவுதான். ஆனாலும் கண் கொட்டாமல் பார்த்தார்கள். 56 ஆண்டுகளுக்கு முன் தாத்தாவைச் சிரிக்க வைத்தவர், இப்போது பேரனையும் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

ராஜகாந்தம் 2002-ல் காலமானார். அவர் புகழ் பெற்றது கதாநாயகியாக அல்ல, வேலைக்காரியாகவும் கிழவியாகவும்தான். கொடுத்த வேடம் சிறியது என்று அவர் அதைச் சிறிதாகச் செய்யவில்லை.

"சபாபதி" படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். குண்டுமுத்து வரும்போது, திரையைப் பார்ப்பதோடு அவர்கள் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள்.