மக்கு என்றவர் யார்?

மக்கு! மண்டூகம்! மரமண்டை! பல்கலைக் கழகம் வழங்காத பட்டங்கள் இவை, பள்ளிக்கூடத்திலேயே கிடைப்பவை. பெறுபவன் ஆறு வயதுப் பாலகன். ஆலைக்குச் சென்ற அப்பனும் களை பறிக்கப் போன ஆத்தாளும் வீடு திரும்புமுன் அவன் தலையெழுத்தை எழுதி முடித்து விடுகிறார்கள். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை என்கிறார் வாத்தியார். தகப்பனும் தலையாட்டுகிறான். பட்டறையிலே எடுபிடிக்கு இன்னொரு சிறுவன்!

தோழர்களே! அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்து, வழக்காடி வென்றார் ஒரு மாதரசி. இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் அவர்.

1870-ல் பிறந்தவர். மகள் ஆசிரியை ஆகட்டும் என்று எண்ணினார் தந்தை. மருத்துவம் பயில்வேன் என்றார் மகள். பெண்ணாவது, பிணம் அறுப்பதாவது என்று பதறிற்று அந்நாளைய சமுதாயம். ஆடவரோடு ஒன்றாக நின்று அறுத்தல் தகாது என்றதால், அவர்கள் வீடு சென்ற பிறகு தனியே நின்று அறுத்துப் படித்தார். 1896-ல் டாக்டர் ஆனார். அதே ஆண்டில், பெர்லின் நகரில் கூடிய மாதர் மாநாட்டில், ஆணுக்கு என்ன கூலியோ அதுவே பெண்ணுக்கும் வேண்டும் என்று வாதாடினார்.

ரோம் நகரத்துப் பைத்தியக்கார விடுதிக்கு ஒரு நாள் சென்றார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகள், வெற்று அறை ஒன்றில் அடைபட்டுக் கிடந்தனர். உணவு முடிந்ததும் தரையிலே பாய்ந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினர். பெருந்தீனிக்காரர்கள் என்று முகஞ்சுளித்தாள் பணிப்பெண். அம்மையார் கண்டது வேறு. தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க அந்த அறையில் ஒரு பொருளும் இல்லை. பசித்தது வயிறல்ல, கைகள்!

இதார், செகன் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதிய நூல்களைத் தேடிக் கற்றார். 1900-ல் அவர்களுக்கென்றே ஏற்பட்ட பள்ளியில் பொறுப்பேற்றார். காலை முதல் மாலை வரை அவர்களோடு உழைத்தார். உதவாது என்று ஒதுக்கிய பிள்ளைகளில் சிலர், மற்றப் பிள்ளைகளோடு அரசாங்கப் பரீட்சை எழுதித் தேறினர். அதிசயம் என்றது ஊர். அம்மையாருக்கோ வேறு ஐயம். இவர்களே தேறும்போது, நல்ல உடலும் அறிவும் பெற்ற மற்றப் பிள்ளைகள் ஏன் இவ்வளவு தாழ்ந்து நிற்கிறார்கள்? குறை பிள்ளையிடமா, பள்ளியிடமா?

விடை கிடைத்த இடம் சான் லொரென்சோ. ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பேட்டை அது. பெற்றோர் வேலைக்குப் போனதும், குழந்தைகள் புதுப்பித்த கட்டடச் சுவர்களில் கிறுக்கினர். வெள்ளையடிக்கும் செலவை எண்ணிப் பார்த்த கட்டடக் கம்பெனி, ஓர் அறையைக் கொடுத்துப் பிள்ளைகளைக் கட்டிப் போடச் சொன்னது. 1907 ஜனவரி 6-ல் பிறந்தது குழந்தைகள் இல்லம். ஐம்பது பிள்ளைகள் அளவில் சேர்ந்தனர். பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை.

அங்கே அவர் செய்தது என்ன? மூன்று வயதுக்காரனும் ஆறு வயதுக்காரனும் ஒரே அறையில். பெரியவனைப் பார்த்துச் சிறியவன் கற்றான். ஒரே பாடம், ஒரே வேகம் என்ற கட்டளை இல்லை. அவனவன் எடுத்த வேலை, அவனவன் முடிக்கும் நேரம். ஒரு கட்டையிலே பத்துக் குழிகள், அவற்றுக்கேற்ற பத்து உருளைகள். ஒன்றைத் தவறாக வைத்தால் கடைசி உருளைக்கு இடம் பொருந்தாது. பிழையைக் கட்டையே காட்டிற்று, பிரம்பு வேண்டியிருக்கவில்லை.

தச்சுத் தோழர்கள் அறிந்த உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி, வழவழப்பான அட்டையில் ஒட்டினார். விரல் தடவும், கண் காணும், வாய் ஒலிக்கும். கண்ணால் மட்டும் கற்க இயலாதவனைக் கை கரையேற்றியது. குளிர்கால நாளொன்றில், மேல்தளத்தில் சுண்ணக்கட்டியால் படம் வரைந்து கொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுவன், திடீரென்று ஒரு சொல்லை எழுதினான். எழுத வந்துவிட்டது என்று கூவினான். மற்றவர்களும் தொடர்ந்தனர்!

மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒரு நாள் அமைதியாகச் செய்து காட்டினார். குழந்தைகள் கைதட்டி ஆரவாரித்தனர். அழுக்கு மூக்கு என்று அதுவரை ஏசியவர் பலர். துடைக்கக் கற்றுக் கொடுத்தவர் எவருமில்லை!

புகழ் பரவிற்று. முசோலினி ஆட்சி ஆதரவு காட்ட, அம்மையாரும் ஏற்றார். அது அவர் வாழ்வின் வடு. ஆனால், தானே சிந்திக்கும் பிள்ளை சர்வாதிகாரிக்கு எதற்கு? உறவு முறிந்தது, இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் தங்கியவரை 1936-ல் உள்நாட்டுப் போர் விரட்டிற்று.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். மணலிலே விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளிகளின் நாடு இது. விரலின் அருமை நமக்குப் புதிதல்ல. 1940-ல் இத்தாலி போரில் இறங்கவே, பிரிட்டிஷ் ஆட்சி மகன் மரியோவைக் காவலில் வைத்தது. தாயின் எழுபதாவது பிறந்த நாளன்று விட்டது. பின்னர் கொடைக்கானலிலும் அவர் பணி தொடர்ந்தது. 1952-ல் ஹாலந்தில் மறைந்தார்.

இன்று அவர் பெயர், கட்டணம் கொழுத்த பள்ளிகளின் வாயிலிலே பளபளக்கிறது. பிறந்த இடமோ கூலிக்காரன் குடியிருப்பு! அறை நிறையப் பிள்ளைகளை அடைத்து, ஒரே ஆசிரியரை நிறுத்தினால், அவரும்தான் என்ன செய்வார்? போதிய ஆசிரியரைக் கேட்போம். உப்புத்தாளும் அட்டையும் ஊர்ப் பள்ளிக்கு எட்டாப் பொருள்கள் அல்ல; அவற்றையும் கேட்போம்.

ஆகவே தோழா, உன் மகனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று சொல்லும் நாளில், தலையாட்டி விடாதே. எப்படிக் கற்றுக் கொடுத்தீர்கள் ஐயா என்று பணிவாகக் கேள். விடை கிடைக்கும் வரை அவனைப் பட்டறைக்கு அனுப்பாதே!