மடியில் வைக்க முடியாத கணினி

டிப்ளமோ இ.சி.இ., இரண்டாம் ஆண்டு



என்னுடைய லேப்டாப்பை உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் 5,500 ரூபாய்க்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் சரக்கு. பேட்டரி போய்விட்டது. ஒயரைப் பிடுங்கினால் அடுத்த நொடி திரை இருட்டு. கட்டிப் போட்ட இடத்தை விட்டு நகராது என்பதால் நம்ம கிளாஸ் பசங்க அதற்கு 'கட்டுத்தறி மாடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். இருக்கட்டும்!

ஒருநாள் லேபில் கரண்ட் போய் அது நின்றபோது எங்கள் சார் சிரித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். உலகத்தில் முதன்முதலாக நல்லபடியாக விற்பனையான, கையில் தூக்கிப் போகும் கம்ப்யூட்டருக்கும் உள்ளே பேட்டரி கிடையாதாம். அதைச் செய்து விற்றவர் நம்ம திருவண்ணாமலையில் வளர்ந்த ஆளாம். சும்மா கிண்டல் பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால் அத்தனையும் உண்மை. அவர் பெயர் ஆடம் ஆஸ்போர்ன்.

1939 மார்ச் 6-ம் தேதி பாங்காக்கில் பிறந்தார். அப்பா ஆர்தர் ஆஸ்போர்ன் ஆங்கிலேயர், அங்கே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். அம்மா லூசியா போலந்துக்காரர். அப்பாவுக்கு ரமண மகரிஷி மேல் மிகுந்த ஈடுபாடு. 1941-ல் குடும்பம் இந்தியா வந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு அப்பா மட்டும் வேலைக்காக பாங்காக் திரும்பினார். அந்த வருடம் டிசம்பரில் ஜப்பான் படை தாய்லாந்துக்குள் நுழைந்தது. ஆர்தரைப் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். யுத்தம் முடியும் வரை அங்கேதான்.

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் தாண்டித் திருவண்ணாமலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம்ம பக்கத்திலிருந்து எத்தனை பேர் கிரிவலம் போய் வருகிறோம்! அந்த மலை அடிவாரத்தில் அப்பா உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் மூன்று பிள்ளைகளோடு ஒரு வெளிநாட்டு அம்மா நாலு வருடம் காலம் தள்ளியிருக்கிறார். சின்னப் பையன் ஆடம் மகரிஷியிடம் போய், அப்பாவைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும்படி கேட்டானாம். அவர் தலையை ஆட்டிச் சிரித்தாராம். ஆசிரம வட்டாரத்தில் இன்றும் இந்தக் கதையைச் சொல்வார்கள். 1945-ல் அப்பா திரும்பி வந்து சேர்ந்தார்.

ஆடம் நம்மூர்ப் பிள்ளைகளைப் போலத் தமிழ் பேசி வளர்ந்தவர். கொடைக்கானலில் பிரசன்டேஷன் கான்வென்டில் படித்துவிட்டு, 11 வயதில் இங்கிலாந்து போனார். பர்மிங்ஹாமில் கெமிக்கல் என்ஜினீயரிங், 1961-ல் பட்டம். பிறகு அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் 1968-ல் டாக்டர் பட்டம். பாருங்கள், அவர் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவரே இல்லை! ஆராய்ச்சிக்காகப் புரோகிராம் எழுதப் போய் கம்ப்யூட்டரில் விழுந்தவர்.

ஷெல் எண்ணெய்க் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவர் செய்த முதல் காரியம் புத்தகம் எழுதியது. மைக்ரோபிராசஸர் அப்போதுதான் வந்த புதுசு. அது என்ன, எப்படி வேலை செய்யும் என்று சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி சொல்லித்தரப் புத்தகம் இல்லை. 1975-ல் அவரே எழுதி, அவரே அச்சிட்டார். கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் ஆர்வலர்கள் கூடும் கிளப்புக்குக் கொண்டுபோய் அவரே விற்றார். இரண்டே வருடத்தில் அவருடைய பதிப்பகத்தில் சுமார் 40 தலைப்புகள். 1979-ல் பெரிய பதிப்பகமான மெக்ரா ஹில் அதை விலைக்கு வாங்கியது. நம்ம லைப்ரரியில் மெக்ரா ஹில் புத்தகங்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

கையில் பணம் வந்ததும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைப் பத்திகளில் மற்ற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைக் குறை சொல்லி எழுதிக்கொண்டிருந்தவர், தானே ஒன்று செய்து காட்டுகிறேன் என்று இறங்கினார். அந்தக் கிளப் கூட்டங்களை நடத்திவந்த லீ ஃபெல்சன்ஸ்டீன் என்ற என்ஜினீயர்தான் டிசைன் செய்து கொடுத்தார். அதன் பெயர் ஆஸ்போர்ன் 1. 1981 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் வைத்தார்கள்.

இனி மெஷினைப் பார்ப்போம். நமக்குச் சோறு போடப் போவது இதுதானே!

எடை சுமார் 11 கிலோ. ஒரு பத்து கிலோ அரிசி மூட்டையும் கூட ஒரு கிலோ சர்க்கரையும் சேர்த்துத் தூக்குகிற மாதிரி. தையல் மெஷின் பெட்டி போல ஒரு பெட்டி, அதற்கு ஒரு கைப்பிடி. மூடியைக் கழற்றினால் அந்த மூடியே கீபோர்டு. நடுவில் 5 அங்குல பிக்சர் டியூப். நம்ம கையில் இருக்கும் போன் திரையே அதைவிடப் பெரிசு! அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபிளாப்பி டிரைவ். அவற்றுக்குக் கீழே ஃபிளாப்பி செருகி வைக்க இரண்டு பை மாதிரி இடம். விமானத்தில் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். மடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

உள்ளே இருந்த பிராசஸர் இசட்80, வேகம் 4 மெகாஹெர்ட்ஸ். இது நாம் கிட்டில் பழகிய 8085-க்குப் பங்காளி முறை. இரண்டும் 8080-ன் வழி வந்தவை. (அந்தப் பழைய இசட்80 சிப்புக்கு ஆர்டர் எடுப்பதை ஸைலாக் கம்பெனி 2024-ல்தான் நிறுத்தியது. கிட்டத்தட்ட 48 வருடம் ஓடிய சிப்!) மெமரி 64 கிலோபைட். காலை வணக்கம் என்று பூப்படம் போட்டு நமக்கு வாட்ஸ்அப்பில் வருகிறதே, அந்த ஒரு படம்கூட அதில் அடங்காது. ஹார்டு டிஸ்க் கிடையாது. ஒரு ஃபிளாப்பியில் சுமார் 90 கிலோபைட். ஒரு டிரைவில் புரோகிராம், இன்னொன்றில் நம்ம ஃபைல், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது திரையில் அவர்கள் செய்த வேலை. ஐந்து அங்குலத்தில் வரிக்கு 52 எழுத்துத்தான் படிக்கிற மாதிரி தெரியும். ஆனால் கடிதம் அடிக்க 80 எழுத்து வேண்டும். என்ன செய்தார்கள்? மெமரியில் வரியை 128 எழுத்து அகலத்துக்கு வைத்துக்கொண்டு, திரையை ஒரு ஜன்னலாக்கிவிட்டார்கள். ஜன்னலை இடது பக்கம், வலது பக்கம் நகர்த்திப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய டியூபுக்குப் பணம் இல்லாதவன் செய்கிற வேலை இது. அதனால்தான் பிடித்தது.

விலை 1,795 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 15,500 ரூபாய். அதற்கு முன் 1975-ல் ஐ.பி.எம். விட்ட 'போர்ட்டபிள்' 5100-க்குச் சுமார் 25 கிலோ எடை, 9,000 டாலரில் ஆரம்ப விலை. ஆஸ்போர்ன் இன்னொன்றும் செய்தார். வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க், இரண்டு பேசிக் மொழிகள் எல்லாவற்றையும் மெஷினோடு சேர்த்தே கொடுத்துவிட்டார். தனியாக வாங்கினால் அவற்றின் விலையே சுமார் 1,500 டாலர். பெட்டியைத் திறந்து, பிளக்கைச் சொருகினால் வேலை ஆரம்பித்துவிடலாம்.

மெஷினில் புதுசாகக் கண்டுபிடித்த பாகம் எதுவும் இல்லை. எல்லாம் மார்க்கெட்டில் கிடைத்தவை. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் சில வருடம் முன்பே இதே மாதிரிப் பெட்டி சிலவற்றைச் செய்து பார்த்து அப்படியே வைத்துவிட்டார்கள். வேலைக்குப் போதுமானதாக இருந்தால் போதும், உச்சமாக இருக்க வேண்டியதில்லை என்பது ஆஸ்போர்னின் கொள்கை. மொத்தமாகவே 10,000 மெஷின் விற்றால் போதும் என்று திட்டம் போட்டிருந்தார். நல்ல காலத்தில் ஒரே மாதத்தில் 10,000 விற்றது.

இதுவரை ஏறுமுகம். இனி இறங்குமுகம், அதுவும் படுவேகம்.

1982-ல் கேப்ரோ என்று ஒரு மெஷின் அதே 1,795 டாலருக்கு வந்தது. 9 அங்குலத் திரை, 80 எழுத்து வரி. 1983-ல் காம்பேக் வந்தது. ஐ.பி.எம். பி.சி.-க்கு எழுதிய புரோகிராம்கள் அதில் ஓடும், ஆஸ்போர்னில் ஓடாது. பதிலுக்கு ஆஸ்போர்ன் 'எக்ஸிகியூட்டிவ்' என்று 7 அங்குலத் திரையோடு அடுத்த மாடலைத் தயார் செய்தார். அது கடைக்கு வருவதற்கு முன்பே 1983 தொடக்கத்தில் பத்திரிகைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார் என்பதுதான் இன்றுவரை சொல்லப்படும் கதை. நல்லது வரப்போகிறது என்றால் பழையதை யார் வாங்குவார்? டீலர்கள் ஆர்டரை ரத்து செய்தார்கள். குடோனில் ஆஸ்போர்ன் 1 குவிந்தது. விலையை ஜூலையில் 1,295 டாலராகக் குறைத்தார்கள், ஆகஸ்டில் 995. பிரயோஜனம் இல்லை. 1983 செப்டம்பர் 13-ம் தேதி கம்பெனி திவால் மனு கொடுத்தது. முதல் மெஷின் வெளியே போய் இரண்டு வருடமும் சில்லறை மாதமும்தான் ஆகியிருந்தது. புது மாடலைச் சொல்லிப் பழைய மாடலைச் சாகடிப்பதற்கு 'ஆஸ்போர்ன் எஃபெக்ட்' என்றே மேனேஜ்மென்ட் பாடத்தில் பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கதையை ஒரு ராத்திரி எங்கப்பாவிடம் சொன்னேன். அப்பா சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டில் டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறார். அஞ்சாவது வரைதான் படித்தவர். அம்மா பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு ஃபிளாப்பி என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் குடோனில் மெஷின் குவிந்த இடம் வந்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, கடன் வாங்கி மெட்டீரியல் எடுத்திருந்தார்களா என்று கேட்டார்.

ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் யூனிட்டில் ஒரு பெரிய கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) பிராக்கெட் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புது மாடல் வருகிறது என்று பேச்சுக் கிளம்பிய மாதமே பழைய பிராக்கெட்டுக்கு ஆர்டர் நின்றது. டிரில் போட்டு, பெயின்ட் அடித்து முடித்த பிராக்கெட் ஷெட் முழுக்க பின்களில் நின்றது. கடைசியில் அதைக் கிலோ கணக்கில் ஸ்கிராப்பில் போட்டார்கள். நாலு மாதம் பாதிச் சம்பளம். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் அது. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனதும் அந்த ஜூன் மாதத்தில்தான்.

அதனால் ஆஸ்போர்ன் வாயால் கெட்டார் என்று எழுதுகிறவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. வாய் ஒரு காரணம்தான். கேப்ரோவும் காம்பேக்கும் வந்த பிறகு, அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அந்த 5 அங்குலத் திரை எத்தனை நாள் ஓடியிருக்கும்? இவ்வளவு வேகமாக வளர்ந்த கம்பெனியில் இன்று விற்ற பணம்தான் நாளைக்குச் சம்பளம். அது ஒரு மாதம் நின்றால் போதும். எங்கப்பா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

ஆஸ்போர்ன் அடுத்த வருடமே, 1984-ல், தன் கம்பெனி எழுந்து விழுந்த கதையைத் தானே ஒரு பத்திரிகையாளரோடு சேர்ந்து புத்தகமாக எழுதிவிட்டார். அதே வருடம் பேப்பர்பேக் சாஃப்ட்வேர் என்று புதுக் கம்பெனி. மலிவுப் பதிப்புப் புத்தகம் விற்கிற மாதிரி சாஃப்ட்வேரையும் மலிவாக விற்பது திட்டம். லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் 495 டாலர் விற்றபோது, அதே மாதிரி வேலை செய்யும் வி.பி. பிளானரை 100 டாலருக்கு விட்டார். 1987-ல் லோட்டஸ் வழக்குப் போட்டது. மெனுவைக் காப்பி அடித்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 1990-ல் தீர்ப்பு லோட்டஸ் பக்கம். கம்பெனி மூடியது. இதில் கொடுமை என்னவென்றால், போர்லாண்ட் கம்பெனி மேல் லோட்டஸ் போட்ட இதே மாதிரி வழக்கில், மெனு கட்டளைகளுக்குக் காப்பிரைட் கிடையாது என்று 1995-ல் மேல்கோர்ட் சொல்லிவிட்டது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகள் நாலுக்கு நாலு என்று பிரிந்ததால் அதுவே நிலைத்தது. ஆஸ்போர்னுக்கு அது ஐந்து வருடம் லேட்.

அதற்குள் அவர் அமெரிக்காவை விட்டே வந்துவிட்டார். மூளையைப் பாதிக்கும் நோய், அடிக்கடி சின்னச் சின்ன ஸ்ட்ரோக். 1992-ல் இந்தியா திரும்பினார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போன அதே கொடைக்கானலில், சகோதரியின் பராமரிப்பில் இருந்தார். 2003 மார்ச் 18-ம் தேதி தூக்கத்திலேயே உயிர் போனது. வயது 64.

அவர் கொடைக்கானலில் இருந்த அந்தப் பதினோரு வருடத்தில்தான் லேப்டாப் என்பது உண்மையிலேயே மடியில் வைக்கிற சாமான் ஆனது.

ஆஸ்போர்ன் 1 படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். திரையில் பெரிசாக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். டியூபையோ டிரைவையோ பார்க்கவில்லை. பதினோரு கிலோவைத் தாங்குகிற கைப்பிடியை எத்தனை ஸ்குரூவில் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டார். படத்தில் அது தெரியவில்லை.