தாய்ப்பாலை ஆராய்ந்த எர்லிக்

பால் எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் பிரஷ்ய அரசுக்கு உட்பட்டிருந்தது. இன்று போலந்து நாட்டைச் சேர்ந்துள்ளது. மருத்துவம் பயிலும் நாளிலேயே அவர் உள்ளம் சாயங்களை நாடிற்று. உடலின் நுண்ணிய அணுக்கள் நிறமற்றவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கினும் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிதல் அரிது. அவற்றைச் சாயத்தில் தோய்த்தால் ஒவ்வொரு வகையும் தனக்குரிய நிறத்தையே ஏற்கும். இம்முறையால் எர்லிக் குருதியிலுள்ள வெள்ளணுக்களைப் பல வகைகளாகப் பிரித்துக் காட்டினார்.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக இராபர்ட் காக் 1882இல் பெர்லின் நகரில் அறிவித்தபோது எர்லிக் அவ்வவையில் இருந்தார். அக்கிருமிக்குச் சாயமேற்றும் முறையை அவ்வாண்டிலேயே செம்மைப்படுத்தினார். சில ஆண்டுகள் கழிந்தன. தம் சளியிலேயே அக்கிருமியை அவர் காண நேர்ந்தது! உடல்நலம் பெற எகிப்து நாட்டிற்குச் சென்றார். 1889இல் நலமுற்றுத் திரும்பினார். பின்னர்க் காக் அவரைத் தம் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்த்துக்கொண்டார்.

அங்கே ஒரு வினா அவரை ஆட்கொண்டது. தட்டம்மை போன்ற சில நோய்கள், பிறந்து சில திங்களே ஆன குழந்தைகளை எளிதில் பற்றுவதில்லை. இக்காவல் எங்கிருந்து வந்தது? நிறமும் முகச்சாயலும் போல மரபுவழி வந்ததா? அன்றித் தாய் தன் உடலினின்று அளித்ததா?

ஆமணக்கு விதையிலும் குன்றிமணியிலும் கொடிய நஞ்சு உண்டு. எர்லிக் அந்நஞ்சை மிகச் சிறிய அளவில் இரையோடு கலந்து எலிகளுக்கு ஊட்டினார். நாள்தோறும் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். நாளடைவில் அவ்வெலிகள், பிற எலிகளைக் கொல்லும் அளவினும் பன்மடங்கு நஞ்சைத் தாங்கின. அவ்வாறு பழகிய ஆண் எலியைப் பழகாத பெண் எலியோடு சேர்த்தார். பிறந்த குட்டிகளுக்கு எதிர்ப்பாற்றல் இல்லை. தாய் பழகியதாயின், குட்டிகளுக்கு அது இருந்தது. ஆயினும் சில வாரங்களில் தேய்ந்து மறைந்தது; பேரக்குட்டிகளிடம் காணப்படவே இல்லை. மரபுவழி வந்ததாயின் தந்தையும் தந்திருக்க வேண்டுமன்றோ?

இனி எஞ்சியது ஒரு கேள்வி: தாய் கொடுத்தது கருவிலா, பாலிலா? எர்லிக் கையாண்ட வழி மிக எளியது. பழகாத தாய் ஈன்ற குட்டிகளைப் பழகிய தாயிடம் பாலுண்ண விட்டார். தன்னைப் பெறாத செவிலியின் பாலை உண்ட அக்குட்டிகள் நஞ்சை எதிர்த்து நின்றன. கருவின் வழியே மட்டுமன்றிப் பாலின் வழியாகவும் காவல் சேர்கிறது என்பது 1892இல் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

மனிதர்க்கு இம்முறை சற்று வேறுபடும். குழந்தையின் குருதியிலுள்ள தாயின் எதிர்ப்பொருள்களில் பெரும்பகுதி பிறக்குமுன்னரே நஞ்சுக்கொடி வழியே வந்துவிடுகின்றது. சீம்பாலில் செறிந்துள்ள எதிர்ப்பொருள்கள் குடலிலேயே தங்கிக் கிருமிகளைத் தடுக்கின்றன.

எதிர்ப்பாற்றலுக்குக் காரணம் குருதிநீரிலுள்ள எதிர்ப்பொருள்களே என்றனர் எர்லிக்கைச் சார்ந்தோர். கிருமிகளை விழுங்கும் அணுக்களே என வாதிட்டார் இரஷ்ய அறிஞர் மெச்னிக்காவ். 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு இவ்விருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. மேகநோய்க்கு மருந்து கண்டு உலகப் புகழ் எய்திய எர்லிக், 1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் மறைந்தார்.

பிற்காலத்தார் தாய்ப்பாலை ஆராய்ந்தபோது எதிர்ப்பொருள்களோடு உயிருள்ள வெள்ளணுக்களும் அதில் இருக்கக் கண்டனர். கிருமிகளை விழுங்கும் அணுக்களும் அவற்றுள் உண்டு. பாலுண்ட எலிக்குட்டிகளின் குடற்சுவரைக் கடந்து தாயின் அணுக்கள் உடலுறுப்புகளில் சென்று தங்குவதும் காணப்பட்டுள்ளது. மனிதக் குழந்தையின் உடலில் அவை எவ்வளவு செல்கின்றன, எத்துணைக் காலம் வாழ்கின்றன என்பன இன்றும் ஆராயப்பட்டு வருகின்றன.