தலைநகரை விட்டுப் போகாத வைத்தியர்

1919 ஜனவரியின் தொடக்கத்தில் வில்னியஸ் நகரிலிருந்து ஓர் அரசாங்கம் இடம்பெயர்ந்தது. சுதந்திரப் பிரகடனம் செய்து ஒரு வருடம்கூட நிறைவடையாத லித்துவேனிய அரசாங்கம் அது. கிழக்கிலிருந்து சோவியத் செம்படை நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. அமைச்சர்கள் மேற்கே சுமார் 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கௌனாஸ் நகருக்குப் போனார்கள். 67 வயதான ஒரு வைத்தியர் மட்டும் அவர்களுடன் போகவில்லை. அந்தப் பிரகடனத்தில் முதலாவதாகக் கையொப்பமிட்டவர் அவர்தான். பெயர் யோனாஸ் பசனாவிச்சியஸ்.

போல்டிக் கடலோரத்துச் சிறிய நாடான லித்துவேனியாவில் அவரைத் தேசத்தின் தந்தை என்று சொல்கிறார்கள். 1851 நவம்பரில் ஒஷ்கபாலியை என்ற கிராமத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மகனைக் கத்தோலிக்கக் குருவாக்க வேண்டும் என்பது பெற்றோரின் ஆசை. மகன் மொஸ்கோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று முதலில் வரலாறும், பிறகு மருத்துவமும் படித்தார். 1879இல் பட்டம் பெற்றதும் வேலை கிடைத்தது பல்கேரியாவில். டான்யூப் நதிக்கரையிலுள்ள லோம் என்ற ஊரின் வைத்தியசாலைக்குப் பொறுப்பாகப் போனார்.

அந்தக் காலத்தில் லித்துவேனியா ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குள் இருந்தது. 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய பின்னர், லித்துவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடுவதை ரஷ்யா தடை செய்தது. அச்சிடுவதென்றால் ரஷ்ய எழுத்திலேயே அச்சிட வேண்டும். 1904 வரை, நாற்பது வருடங்கள் அந்தத் தடை நீடித்தது. மக்கள் ரஷ்ய எழுத்துப் புத்தகங்களைத் தொடவில்லை. எல்லைக்கு அப்பால் ஜேர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில் அச்சிடப்பட்ட நூல்களை இரவில் முதுகில் சுமந்து கடத்தினார்கள். பிடிபட்டவர்கள் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள், சிலர் எல்லையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரார்த்தனைப் புத்தகத்துக்காகவும் அரிச்சுவடிக்காகவும் உயிரைப் பணயம் வைத்த அந்தச் சாதாரண மனிதர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

அவர்கள் சுமந்தவற்றில் ஒன்று 1883இல் வெளிவரத் தொடங்கிய ஔஷ்ரா என்ற பத்திரிகை. பெயரின் பொருள் விடியல். அதைத் தொடங்கியவர், அப்போது பிராக் நகரில் தங்கியிருந்த பசனாவிச்சியஸ். மொத்தம் 40 இதழ்கள்தான் வந்தன. ஒவ்வொரு இதழிலும் ஆயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடப்படவில்லை. மூன்று வருடங்களில் நின்றுபோனது. ஆனால் வீட்டில் பேசுவதற்கு மட்டும் என்று பலர் நினைத்திருந்த ஒரு மொழியில் அரசியலும் வரலாறும் எழுதலாம் என்பதை அந்த 40 இதழ்கள் காட்டின.

பல்கேரிய வாழ்க்கை அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. 1887இல் ஒருவன் அவரைத் துப்பாக்கியால் சுட்டான். உயிர் தப்பினாலும் ஒரு குண்டு கடைசிவரை உடலிலேயே இருந்தது. இரண்டு வருடங்களின் பின் மனைவி கேப்ரியேலா இறந்தார். பிள்ளைகள் இல்லை. பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் நாட்டார் கதைகளைத் தொகுத்தார். லித்துவேனியரின் மூதாதையர் பண்டைய திரேசியர்கள் என்று ஒரு கொள்கையையும் வளர்த்துக்கொண்டார். அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அவர் விடவும் இல்லை. தூர தேசத்தில் இருப்பவருக்குச் சொந்த இனத்தின் பழமை இன்னும் கொஞ்சம் நீண்டு தெரிவது புதுமையல்ல.

1905இல் ரஷ்யாவில் புரட்சி வெடித்தபோது, கால் நூற்றாண்டுக்குப் பின் தாயகம் திரும்பினார். திரும்பிய இடம் பிறந்த கிராமமல்ல, வில்னியஸ். அந்த டிசம்பரில் சுமார் 2,000 பிரதிநிதிகள் அங்கே கூடிய மாநாட்டுக்கு அவரே தலைவர். வில்னியஸில் நாடாளுமன்றத்தைக் கொண்ட சுயாட்சி வேண்டும் என்று மாநாடு கோரியது.

ஏன் வில்னியஸ்? 14ஆம் நூற்றாண்டில் கெடிமினாஸ் என்ற மன்னன் அதைத் தலைநகராக்கியிருந்தான். அவனுடைய கோட்டை மலை நகரின் நடுவே இன்றும் இருக்கிறது. ஆனால் 1897ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்த நகரில் 40 சதவீதம் யூதர்கள், 31 சதவீதம் போலந்து மொழி பேசுவோர், 20 சதவீதம் ரஷ்யர்கள். லித்துவேனிய மொழி பேசியவர்கள் வெறும் 2 சதவீதம். யூதர்களுக்கு அது கல்வியின் நகரம், வடக்கின் ஜெருசலேம். போலந்து மக்களுக்கு அது அவர்களின் கவிஞர்களின் நகரம்.

இதற்குப் பசனாவிச்சியஸிடமும் அவருடைய தோழர்களிடமும் ஒரு பதில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் போலந்து மொழி பேசுவோர் உண்மையில் மொழியை இழந்த லித்துவேனியர்கள் என்பது அந்தப் பதில். வரலாற்றில் அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. ஆயினும் தன்னைப் போலந்துக்காரன் என்று சொல்லும் ஒருவனிடம், நீ அதுவல்ல என்று மற்றொருவர் சொல்வதில் பெரிய இடறல் இருக்கிறது. யூதர்களைப் பொறுத்தவரை அந்த வாதமும் இல்லை. அவருடைய வாழ்க்கையைப் போற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

1918 பெப்ரவரி 16ஆம் திகதி, ஜேர்மன் படையின் ஆக்கிரமிப்பின் கீழ், வில்னியஸில் இருபது பேர் கூடினார்கள். கூடிய அறை, போரால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் லித்துவேனியச் சங்கத்தின் அலுவலகம். தலைமை தாங்கியவர் பசனாவிச்சியஸ். வில்னியஸைத் தலைநகராகக் கொண்ட சுதந்திர லித்துவேனியா மீண்டும் நிறுவப்படுகிறது என்று பிரகடனம் சொன்னது. அதை அச்சிட்ட பத்திரிகையை ஜேர்மனியர்கள் பறிமுதல் செய்தார்கள்.

அதன் பிறகு நகரம் கைக்குக் கை மாறியது. 1919 ஜனவரியில் செம்படை, ஏப்ரலில் போலந்துப் படை, 1920 ஜூலையில் மீண்டும் செம்படை. அதே ஜூலையில் வில்னியஸ் லித்துவேனியாவுக்குரியது என்று சோவியத் ரஷ்யா ஒப்பந்தம் செய்தது. ஒக்டோபர் 7ஆம் திகதி போலந்தும் சுவால்கி உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. இரண்டு நாட்களில் போலந்தின் ஜெனரல் செலிகோவ்ஸ்கி, மேலிடத்துக்குக் கீழ்ப்படியாதவர்போல் படை நடத்தி நகரைப் பிடித்தார். அது தன்னுடைய கட்டளைப்படி நடந்த நாடகம் என்பதைப் பில்சுட்ஸ்கி பின்னர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சர்வதேச சங்கம் பொதுசன வாக்கெடுப்பு நடத்தத் திட்டமிட்டு, பிறகு கைவிட்டது. 1923இல் வெற்றி பெற்ற வல்லரசுகளின் தூதுவர்கள் நகரைப் போலந்துக்கே அங்கீகரித்தார்கள்.

லித்துவேனியா ஏற்கவில்லை. போலந்துடன் தூதரக உறவு இல்லை, எல்லை அடைபட்டது. அரசாங்கம் கௌனாஸில் இருந்தபடியே அதைத் தற்காலிகத் தலைநகர் என்று அழைத்தது. 1928ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கையில் இல்லாத வில்னியஸைத் தலைநகர் என்றது.

இந்த ஆட்சிகள் எல்லாவற்றின் கீழும் பசனாவிச்சியஸ் வில்னியஸிலேயே இருந்தார். 1907இல் அவர் தொடங்கிய லித்துவேனிய அறிவியல் சங்கத்தின் நூலகமும் சுவடிகளும் அங்கே இருந்தன. சங்கத்துக்குக் கட்டடம் கட்ட 1913இல் அமெரிக்காவுக்குப் போய்ப் புலம்பெயர்ந்த லித்துவேனியரிடம் பணம் சேர்த்திருந்தார். உலகப் போரில் அந்தப் பணம் மதிப்பிழந்தது, கட்டடம் எழவே இல்லை. கௌனாஸுக்குப் போயிருந்தால் பதவியும் மரியாதையும் காத்திருந்தன. அவர் போனால் அந்த நகரில் உரிமை கோர ஆளில்லாமல் போய்விடும் என்று கருதியிருக்க வேண்டும். பழைய புத்தகங்களுக்கு நடுவே, வயோதிபத்திலும் நோயிலும், போலந்து அதிகாரிகளின் கண்காணிப்பில் வாழ்ந்தார்.

1927ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் திகதி, சுதந்திரப் பிரகடனத்தின் ஒன்பதாவது ஆண்டு நிறைவு நாளில், அவர் இறந்தார். ராசோஸ் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். எல்லைக்கு அப்பால் லித்துவேனியாவில் துக்கம் அனுட்டிக்கப்பட்டது.

வில்னியஸ் லித்துவேனியாவிடம் திரும்பியது 1939 ஒக்டோபரில். கொடுத்தவர் ஸ்டாலின், விலை சோவியத் இராணுவத் தளங்கள். எட்டு மாதங்களில் நாடே பறிபோனது. அடுத்து வந்த நாசி ஆக்கிரமிப்பில் நகரின் யூதர்களில் பெரும்பாலானவர்கள் அருகிலுள்ள பனேரியைக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் உள்ளூர் லித்துவேனியர்களும் இருந்தார்கள். போருக்குப் பின் போலந்து மக்களில் பெரும்பகுதியினர் மேற்கே அனுப்பப்பட்டார்கள். பசனாவிச்சியஸின் காலத்தில் 2 சதவீதமாக இருந்தவர்கள் பெரும்பான்மையானது அதற்குப் பிறகுதான். 1990இல் சுதந்திரத்தை மீண்டும் பிரகடனம் செய்த நாட்டுக்கு வில்னியஸ் தலைநகராக இருந்தது. அப்போது போலந்து அதைக் கோரவில்லை.

ராசோஸ் மயானத்தில் அவருடைய கல்லறைக்குப் பக்கத்திலல்ல, வாசலருகே இன்னொரு கல்லறை இருக்கிறது. வில்னியஸுக்கு அருகே பிறந்து, அந்த நகரைப் போலந்துக்காகக் கைப்பற்றச் செய்த பில்சுட்ஸ்கியின் இதயம், அவருடைய தாயின் உடலுடன் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறது. பெப்ரவரி 16ஆம் திகதிகளில் லித்துவேனியர்கள் வைத்தியரின் கல்லறைக்குப் பூக்களோடு வருகிறார்கள். போலந்திலிருந்து வருபவர்கள் வாசலோடு நின்று, அந்தக் கருங்கல்லில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.