அச்சு மெஷினில் விழுந்த தொப்பி

போன வருஷம் லேத்தில் சக் கீயை எடுக்காமலே சுவிட்சைப் போட்டுவிட்டேன். சாவி பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. அன்று முழுக்க ஒர்க்‌ஷாப்புக்கு வெளியே நின்றேன். நமக்கெல்லாம் டிப்ளமா எதற்கு என்று நொந்துபோயிருந்த அந்த வாரத்தில்தான் நூலகத்தில் மில்டன் ஹெர்ஷியைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் சாக்லேட் ராஜா. அவரும் மெஷினில் ஒரு தப்புப் பண்ணித்தான் ஆரம்பித்திருக்கிறார், நண்பர்களே!

1857-ல் பென்சில்வேனியாவின் டெர்ரி பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர். அப்பா எந்தத் தொழிலிலும் நிலைக்காமல் ஊர் ஊராக அலைந்தவர். பையன் பள்ளி மேல் பள்ளி மாறி, நாலாம் வகுப்போடு சரி. அச்சகத்தில் வேலை பழக விட்டார்கள். ஓடுகிற மெஷினில் தொப்பியைத் தவறவிட்டான், வேலை போச்சு. அடுத்து லாங்காஸ்டர் நகரில் ஒரு மிட்டாய்க்காரரிடம் நாலு வருஷம். பாகின் பதம் கைக்கு வந்தது அங்கேதான்.

1876-ல் பிலடெல்பியாவில் சொந்தக் கடை. அம்மாவும் அவர் சகோதரியும் கூடவே உட்கார்ந்து மிட்டாய்க்குக் காகிதம் சுற்றினார்கள். ஆறு வருஷம் இழுத்துப் பறித்தும் 1882-ல் மூடவேண்டி வந்தது. டென்வருக்குப் போய் இன்னொருவரிடம் கைகட்டி வேலை பார்த்தார். காரமல் மிட்டாயில் புதுப் பால் சேர்த்தால் ருசியும் கூடும், நாள்பட்டும் கெடாது என்பதை அங்கே கற்றார். பிறகு நியூயார்க்கில் ஒரு கடை. 1886-ல் அதுவும் காலி. ஊர் திரும்பியவருக்குப் பணம் தரச் சொந்தக்காரர்கள் மறுத்துவிட்டார்கள்.

தோற்ற இடத்தில் கற்ற அந்தப் பால் காரமல்தான் கைகொடுத்தது. லாங்காஸ்டரில் மறுபடி அடுப்பு மூட்டியவர், சில வருஷங்களில் பெரிய தொழிற்சாலைக்கே முதலாளி.

1893-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து லேமன் கம்பெனி, கோகோ கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ரோலரில் அரைக்கும் மெஷின்களை ஓட்டிக் காட்டியது. மனுஷன் அதிலே மயங்கி, அவற்றை விலைக்கு வாங்கிவிட்டார்! 1900-ல் நன்றாக ஓடிய காரமல் கம்பெனியைப் பத்து லட்சம் டாலருக்கு விற்றார். சாக்லேட்டை மட்டும் வைத்துக்கொண்டார்.

பால் சாக்லேட் அப்போது சுவிட்சர்லாந்துக்காரர்களின் சரக்கு. வசதியானவர்கள் வாயில் மட்டும் கரைந்தது. செய்வது சுலபமில்லை. கோகோவில் பாதிக்கு மேல் கொழுப்பு, பாலில் பெரும்பகுதி தண்ணீர். இரண்டும் ஒட்டாது. சாதாரணமாகக் காய்ச்சினால் பால் அடிப்பிடிக்கும். கடைசியில் பாலைச் சர்க்கரையோடு வேக்குவம் பாத்திரத்தில், குறைந்த சூட்டில் சுண்டவைத்து ஜெயித்தார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று நாம் மனப்பாடம் பண்ணுகிறோமே, அதேதான். அந்தச் சாக்லேட்டில் லேசான புளிப்பு தட்டும். ஐரோப்பியர்கள் முகம் சுளிப்பார்கள். அமெரிக்கர்களுக்கு அதுதான் சாக்லேட் ருசி.

மாடுகள் நிறைந்த தன் பிறந்த மண்ணிலேயே 1905-ல் தொழிற்சாலையை முடித்து, சுற்றிலும் ஓர் ஊரையே கட்டினார். விலை ஐந்து சென்ட். 1969 வரை ஐந்து சென்ட் கட்டி கிடைத்தது. விலைவாசி ஏறினால் கட்டி இளைக்கும், நம்ம ஊர் கடலை மிட்டாய் மாதிரி. கூலிக்காரர் பிள்ளைக்கும் சாக்லேட் எட்டியது இப்படித்தான்.

அவருக்கும் மனைவி கேத்தரினுக்கும் குழந்தை இல்லை. 1909-ல் அநாதைப் பையன்களுக்குத் தொழிற்பள்ளி தொடங்கினார்கள். 1915-ல் கேத்தரின் இறந்தார். 1918-ல் ஏறக்குறைய ஆறு கோடி டாலர் பெறுமான தன் பங்குகளைப் பள்ளியின் டிரஸ்ட்டுக்கே எழுதிவைத்தார். ஐந்து வருஷம் வெளியே யாருக்கும் தெரியாது.

ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தப் பள்ளிப் பத்திரத்தில் வெள்ளைக்காரப் பையன்கள் என்றே எழுதியிருந்தது. கறுப்பினப் பிள்ளைகள் உள்ளே வர 1970 ஆனது. 1937-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து ஆலைக்குள் உட்கார்ந்தபோது, பால் விற்க முடியாத விவசாயிகளும் வேறு சிலரும் புகுந்து அடித்து விரட்டினார்கள். எல்லாம் தந்தோமே, இவர்களுக்கு என்ன குறை என்று அவர் மனம் உடைந்ததாகச் சொல்வார்கள். கேட்டுத் தருவதும் கேட்காமல் தருவதும் ஒன்றல்ல என்பது அவருக்குப் புரியவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1945 அக்டோபர் 13-ல், 88 வயதில் இறந்தார். தன் மாளிகையை 1930-லேயே ஊர் கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, மாடியில் சில அறைகளை மட்டும் தனக்கென்று வைத்திருந்தார்.