ஆசிரியர் ரகீம்

நாம் படிக்க வந்திருக்கும் இந்த ஐதராபாத்திலே 1909ஆம் ஆண்டு பிறந்தவர் சையத் அப்துல் ரகீம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 1950இல் நகரப் போலீஸ் கால்பந்து அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பை அவ்வணிக்கே கிடைத்தது.

அவர் கையாண்ட வழி எளியது. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடக்கூடாது என்று விதித்துப் போட்டிகள் நடத்தினார். ஆட்டக்காரர் உடனுக்குடன் தோழனுக்குத் தள்ளப் பழகினர். பழகாத காலுக்கும் பயிற்சி தந்தார். சிகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம் பயிற்சிக்கு வரச் சைக்கிள் வாடகை கொடுத்தவரும் அவரே.

அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1951இல் ஆசியத் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வீழ்த்தி மீண்டும் தங்கம் கொண்டது. அப்போதே புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11இல் மறைந்தார்.

பெண்கள் கால்பந்துக்கென நாட்டில் தனிச் சம்மேளனம் தோன்றியது 1975இல்தான். ரகீமின் பாடம் அக்காலச் சிறுமியருக்கு எட்டவில்லை.

ஞாயிறுதோறும் நாங்கள் சிலர் அக்கம்பக்கத்துச் சிறுமியருக்குப் பந்தாட்டம் சொல்லித் தருகிறோம். வலக்காலன்றி வேறறியாத ஒருத்தி சென்ற வாரம் இடக்காலால் கோல் போட்டாள். ஆனால் அழைத்து வர ஆளின்றி இருவர் நின்றுவிட்டனர். சைக்கிள் வாடகை கொடுத்த ஆசிரியரின் ஊரில் இருக்கிறோம், நண்பர்களே. அவ்விருவரையும் அழைத்து வர யார் வருகிறீர்கள்?