டார்வின் போட்ட கல்யாணக் கணக்கு

1838-ம் ஆண்டு. இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி சார்லஸ் டார்வினுக்கு அப்போது வயது 29. கல்யாணம் செய்து கொள்ளலாமா, வேண்டாமா என்று யோசித்தார்.

ஒரு காகிதத்தை எடுத்தார். லாபத்தை ஒரு பக்கமும், நஷ்டத்தை மறு பக்கமும் எழுதினார். மனைவி வந்தால் வேலைக்கு நேரம் குறையும். புத்தகம் வாங்கும் பணமும் குறையும். ஆனால் முதுமையில் துணை இருக்கும். கல்யாணமே நல்லது என்று முடிவு செய்தார்!

பெண், தாய்மாமன் மகள் எம்மா. அவர் தெய்வ பக்தி உள்ளவர். டார்வினுக்கோ மதத்தில் சந்தேகம் வந்துவிட்டது. அதை வெளியே காட்டிக்கொள்ளாதே என்று தகப்பனார் புத்தி சொன்னார். டார்வின் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே எம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

எம்மாவுக்கு வருத்தம்தான். ஆனாலும், ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி தெரிவித்தார். 1839 ஜனவரி 29-ந் தேதி கல்யாணம் நடந்தது.

பிறகு எம்மா தமது கவலையை ஒரு கடிதமாக எழுதிக் கணவருக்குக் கொடுத்தார். டார்வினின் சந்தேகம் தீரவில்லை. ஆனால், அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். பலமுறை அதை முத்தமிட்டு அழுததாக, அதிலேயே எழுதியும் வைத்தார்.

1882-ல் டார்வின் இறந்தார். அந்த 43 ஆண்டு இல்லறத்தில் கருத்து வேற்றுமை இருந்தது. ஆனால், அதை ஒருவருக்கொருவர் மறைக்கவில்லை.